கறுப்புத் துணிக்காக ஒரு குளியல்

போன கார்த்திகையில் ஒரு பிரபல போட்டோகிராபரைப் பம்ப்செட்டில் குளிக்க வைத்த பெருமை எனக்கு உண்டு. பேரைச் சொன்னால் என்னைக் கொன்றே விடுவார். அதனால் 'சார்' என்றே வைத்துக்கொள்வோம்.

சார் முகங்களை மட்டுமே படம் எடுப்பார். அதுவும் இந்த செல்போன் காலத்தில், அரிசி மூட்டை கனத்தில் ஒரு மரப்பெட்டி கேமராவில். முன்னால் லென்ஸ், பின்னால் கண்ணாடி. ஃபோகஸ் பார்க்கத் தலையோடு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்ள வேண்டும். இன்னொன்று – அவர் படங்களில் ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அதட்டுவார்.

மார்க்கையன்கோட்டையில் இருக்கும் என் பெரியப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அவர் தாடியை என் செல்போனில் பார்த்த சார், "கண்காட்சிக்குக் கடைசிப் படம் இந்த முகம்தான்" என்று கிளம்பி வந்துவிட்டார். பெரியப்பாவோ மறுநாள் மலைக்குப் போகிறார். திரும்பி வந்தால் தாடி போய்விடும். அன்று சாயங்காலத்தை விட்டால் படம் இல்லை.

தோட்டத்தில் பெரியப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்து, பையைத் திறந்தால்... கறுப்புத் துணியைக் காணோம். மதுரை லாட்ஜிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பெரியம்மா போர்வை கொண்டுவந்தார். வெளிச்சம் புகுந்தது. தார்ப்பாயைப் போர்த்தினோம். உள்ளே மனுஷருக்கு மூச்சு முட்டியது. சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கத் தயாராகிவிட்டது. சார் அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

அப்போதுதான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பெரியப்பாவின் கறுப்பு வேட்டி எங்கள் கண்ணில் பட்டது.

"தரலாம். மத்தியானம் சார் என்ன சாப்பிட்டாக?" என்றார் பெரியப்பா.

"மட்டன் பிரியாணி." சாருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஆத்தா, நாளைக்கு நான் மலைக்குக் கட்டிட்டுப் போற வேட்டி அது. கவுச்சி சாப்பிட்டவக தலையில எப்புடிப் போடுறது? அங்கன பம்ப்செட் ஓடுது. குளிச்சுட்டு வரச் சொல்லு."

விருதெல்லாம் வாங்கிய மனிதர் என்னைப் பார்த்தார். நான் சூரியனைப் பார்த்தேன். வேறென்ன செய்ய?

கார்த்திகைத் தண்ணீர்... மலைக்காற்று வேறு. ஈரத் தலையும் நெற்றியில் விபூதியுமாக, பல் தந்தியடிக்க வந்து சேர்ந்தார். வேட்டிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் வைத்தார். வெளியே வந்து, அதே வேட்டியைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு ஃபிலிமைச் செருகினார். ஷட்டர் ஒயரைப் பிடித்த கை கிடுகிடுவென்று ஆடியது.

"ஐயா... ஒரே ஒரு செகண்ட்... ஆடாம இருங்க."

"நான் ஆடல சாமி. நீங்கதான் ஆடுறீக." குளித்ததும் சார், சாமியாகிவிட்டார்.

க்ளிக்.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்துவிட்டு சார் போனில் கத்தினார். பெரியப்பாவின் மீசைக்குக் கீழே சிரிப்பு! "கெடுத்துட்டாரே உங்க பெரியப்பா" என்று ஒரு வாரம் புலம்பினார்.

கண்காட்சிக்குப் போனால், வாசலிலேயே அந்தப் படம்தான். சும்மா சொல்லக் கூடாது, பெரியப்பா அவ்வளவு அழகு. மற்ற முகங்களை ஜனங்கள் மரியாதையாகக் கடந்து போனார்கள். இங்கே மட்டும் நின்று, தாங்களும் சிரித்தார்கள். 'ஸ்மைல் ப்ளீஸ்' என்றால் நாம் யாராவது சிரிக்கிறோமா? பல்லைக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

ஓர் இளம்பெண் சாரிடமே கேட்டுவிட்டாள். "இப்படிச் சிரிக்க வைக்க என்ன சார் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலைம்மா... குளிச்சேன்."