வலிப்பு மாத்திரையும் என் மகளின் படிப்பும்

என் மகள் யாழினி சிறு வயதிலிருந்தே வலிப்புக்கு பீனோபார்பிடோன் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். வலிப்பு நின்றது. ஆனால் மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டத் தெரியாமல் தூங்கி வழிந்தாள். கற்றல் குறைபாடு என்றார் டீச்சர்.

“அல்லாம் அந்த மாத்திரையாலதான் அண்ணி, தூக்கிக் கடாசுங்க” என்றான் கொழுந்தன். நிறுத்தியே இருப்பேன்; எதற்கும் கேட்போம் என்று செங்கல்பட்டு டாக்டரிடம் போனேன்.

“திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா! ஆனா சில பிள்ளைங்களுக்கு இது படிப்பை மந்தமாக்கும்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. மெதுவா குறைச்சு வேற மாத்திரைக்கு மாத்தலாம்” என்றார்.

அப்படியே மாற்றினார். வலிப்பும் வரவில்லை. சில மாதம் கழித்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில், ஜன்னல் வழியே ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து, “சிற்…பக்… கூடம்! அம்மா, நானே படிச்சிட்டேன்!” என்று கத்தினாள் யாழினி. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இப்போதெல்லாம் எந்த மருந்து எழுதினாலும், “இது பிள்ளை படிப்பைப் பாதிக்குமா?” என்று டாக்டரிடம் கேட்காமல் நான் எழுந்திருப்பதில்லை.