பாதியில் பிடுங்கிய லைன்

ஏற்காட்டுக்கு டயல் போன் வராத எழுபதுகளில் நடந்தது இது. சேலத்திலிருந்து போய் அங்கே டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தேன். ஞாயிறு காலை பத்து மணியானால் ஓர் எஸ்டேட்காரர் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் கேட்பார். அங்கே அவர் மனைவி படுத்திருந்தார். இரண்டு வார்த்தை பேசுவார், ரிசீவரைப் பியானோ மேல் வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்துவிடுவார்.

பேசி முடித்தவர்கள் போனின் கைப்பிடியைச் சுற்றி எங்களுக்கு மணி அடிக்க வேண்டும். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். அதனால் நாங்களே இடையிடையே கேட்டுப் பார்த்து, சத்தம் இல்லையென்றால் ஒயரைப் பிடுங்கிவிடுவோம். அந்தச் சாக்கில்தான் நான் கேட்டேன். ரேடியோவில் வரும் சினிமாப் பாட்டைத் தவிர ஒன்றும் அறியாதவள். முதல் வாரம், 'என்ன, பாத்திரம் உருட்டுகிறாரா?' என்று சிரித்தேன். மூன்றாவது வாரம், எப்போதடா பத்து மணி ஆகும் என்று இருந்தது. வார்த்தையே இல்லாத பாட்டுக்காக ஏன் இப்படிக் காத்துக் கிடக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

ஒரு ஞாயிறு, அதுவரை நான் கேட்டிராத ஒன்றை வாசித்தார். அது மெல்லத் தேய்ந்து நின்றது. முடிந்தது என்று பிடுங்கிவிட்டேன். உடனே மணி அடித்தது.

"ஏனுங்க அம்மணி, லைன் கட்டாயிருச்சுங்களே! இன்னும் பாதி இருக்குதுங்க. நாளைக்கு அவளுக்கு ஆபரேஷனுங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. நடுவில் நிறுத்திவிட்டுத் தொடர்கிற இசையும் உண்டு என்று நான் எதைக் கண்டேன்? மெட்ராஸ் லைன் லேசில் கிடைக்கவில்லை. சேலம் ஆபரேட்டரிடம் கெஞ்சினேன், சண்டை போட்டேன், அழுதும் பார்த்தேன். மதியம் ஒரு மணி வாக்கில் கிடைத்தது.

"தப்பு என்னோடதுங்க, முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டனுங்க" என்றேன்.

"அட உடுங்க அம்மணி. அந்த எடத்துல நானே ஏமாந்திருக்கறனுங்க" என்றார்.

இந்த முறை அவர் மீதியை வாசிக்க ஆரம்பித்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை. அவராக மணி அடிக்கும் வரை ஒயரைத் தொடவே இல்லை.

அடுத்து வந்த ஞாயிறுகளில் அவர் அதை மறுபடி வாசிக்கவே இல்லை. அந்த அம்மா பிழைத்து எஸ்டேட்டுக்கே திரும்பிவிட்டார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து சொன்னபோது மனதார மகிழ்ந்தேன். மறு நொடியே, 'இனி ஞாயிறு கால் வராதே' என்று ஏங்கினேன். சீ, என்ன மனசு இது என்று வெட்கமாகவும் இருந்தது. அன்று வாசித்தது என்ன இசை என்று அவரிடம் கேட்கவும் முடியாது. ஒட்டுக் கேட்டேன் என்று ஓர் ஆபரேட்டர் எந்த வாயால் சொல்வாள்?

இப்போது போனில் எதை வேண்டுமானாலும் தேடிக் கேட்கலாம் என்கிறார்கள். பெயர் தெரியாததை என்னவென்று தேட? எங்காவது பியானோ கேட்டால் நின்றுவிடுகிறேன். அது ஓய்ந்த பிறகும், நான் கேட்காமல் விட்ட மறுபாதி இப்போதாவது வராதா என்று, சற்று நேரம் அங்கேயே நிற்கிறேன்.