ராணியைத் தெருநாய் ஆக்க ஒரு முயற்சி

இன்று மேலகரத்தில் தெருநாய்களுக்கு இலவசக் கருத்தடை. எங்கள் வீட்டு ராணிக்கும் செய்வீர்களா என்று கேட்டேன்.

“வீட்டு நாய்க்கு நிதி இல்ல அண்ணாச்சி” என்றார் நாய் பிடிக்க வந்தவர். பாவம் பார்த்து அவரே வழியும் சொன்னார்: “கழுத்துப் பட்டையைக் கழத்தி ரோட்டுல விடுங்க. பிடிச்சிட்டுப் போயிருதோம்.”

மூன்று ஈற்றுக் குட்டிகளுக்கும் ஊர் ஊராக வீடு தேடி அலைந்தவன் நான். உடனே கழற்றிவிட்டேன்.

வலையைக் கண்டதும் ராணி ஒரே ஓட்டமாக வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டாள்.

அவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “கட்டிலுக்கடியில படுக்குத நாயை நான் எப்படி அண்ணாச்சி தெருநாய்னு எழுத?”

வண்டி போய்விட்டது.

ராணி போடும் குட்டிகளை ரோட்டில் விட்டால் அத்தனைக்கும் நிதி உண்டு. ராணிக்கு மட்டும் கிடையாது. இது யாருக்காவது புரிந்தால் எனக்கும் கொஞ்சம் விளக்குங்கள்.