கட்டம் கட்டமாக ஒரு கல்யாணம்

சென்ற வாரம் தங்கை அனு பஹ்ரைனிலிருந்து போனில் முகம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பாதிப் பேச்சில் அவள் கன்னம் பச்சையும் சாம்பலுமாகச் சின்னச் சின்னக் கட்டங்களாய் உதிர்ந்தது. "நெட் சரியில்லைண்ணா" என்றாள். மற்றவர்கள் நம்பிவிடுவார்கள். எனக்கோ, திரையில் கட்டம் வந்தால் யாரை நீக்கிவிட்டார்கள் என்றுதான் மனது தேடும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அதைப் பற்பசை வாசனையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிடி மக்கர் பண்ணினால் பற்பசை தடவித் துடைப்பது அந்தக் காலத்தில் திருவனந்தபுரம் முழுக்கத் தெரிந்த வைத்தியம். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மேஜை குளியலறை மாதிரி மணக்கும். அனுவின் கல்யாணக் கேசட்டை அம்மா பழவங்காடியில் சசியின் ஸ்டுடியோவில் கொடுத்து சிடி ஆக்கி வாங்கி வந்திருந்தாள். ஓடும்போது ஆங்காங்கே கட்டம் வரும். மாலை மாற்றும் இடத்தில்தான் கண்ணை உறுத்தும். எங்கள் வழக்கப்படி பெண்ணைத் தாய்மாமன் தோளில் தூக்கிக்கொள்ள, மாப்பிள்ளை எட்டி எட்டி மாலை போட வேண்டும். எங்கள் சிடியில் அனு மணையருகே வருவாள், அரை நொடி கட்டம், தெளிந்தால் கழுத்தில் மாலையோடு தரையில் நிற்பாள்.

அதைப் பார்க்கத் தவித்தவர் அந்தத் தாய்மாமன், அம்மாவின் அண்ணா. கல்யாணம் முடிந்த கையோடு வீட்டுப் பாகத்துக்காக அம்மா மேல் கேஸ் போட்டவர். எங்கள் வாசலை மிதிப்பதில்லை. ஆனால் தம்பானூரில் என் ஆபீஸுக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்பார். மாமாவின் பாஷையில் எந்தப் பொருளும் கெட்டுப்போகாது, கோபித்துக்கொள்ளும். மின்விசிறி கோபிக்கும், குடை கோபிக்கும்.

"என்னடா, உன் பெட்டி இன்னும் கோவிச்சுண்டிருக்கா? அவளைத் தூக்கினதை ஒரு தடவை பாத்துட்டாப் போறும், கேட்டியா. அதுக்கப்பறம் இந்த இடுப்பு ஒரு குடத்தைக்கூடத் தூக்கலை."

சரிபண்ணித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். புத்தகம் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றவனுக்கு உள்ள துணிச்சல் இருக்கிறதே, அது படித்தவனுக்கு வராது.

நான் போகும்போதெல்லாம் சசி ஒரு மருந்து சொன்னான். "ப்ளேயர் மாத்தி நோக்கு சாரே." மாற்றினேன். "கோடெக் இல்ல, அதாணு." படத்தைப் பிரித்துக் காட்டும் மென்பொருளாம், அவன் கொடுத்ததைப் போட்டேன். அதற்குப் பிறகு மற்ற படங்களெல்லாம் தலைகீழாக ஓடின. ராம் கூட்டினேன், டிஸ்ப்ளே கார்டை மாற்றினேன். அம்மா காப்பியோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாள். "பின்னாடி ஏதாவது வயர் கழண்டிருக்கும், நன்னா பாருடா." எவ்வளவு அக்கறை பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்தை நிறுத்தி நிறுத்தி நகர்த்திக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் நாதஸ்வரமும் தாண்டிக் குதிப்பது அப்போதுதான் உறைத்தது. கார்டு கெட்டால் படம்தானே கெட வேண்டும், பாட்டு எதற்குக் குதிக்கிறது? கட்டங்களுக்கு நடுவே ஒரு தோளின் விளிம்பு தெரிந்தது, அதன்மேல் அனுவின் அரக்குப் புடவைக் கரை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் காணோம். மற்ற இடங்களையும் பார்த்தேன். ஊஞ்சல், தாரை வார்ப்பு, பந்தி. கட்டம் வந்ததெல்லாம் மாமா நின்றிருக்க வேண்டிய இடம். வெட்டி ஒட்டிய தையலைத்தான் நான் பற்பசை போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

சசி மறைக்கவில்லை. "அம்மா சொல்லியல்லே செய்தேன். சாரோட சொல்லண்டான்னும் சொன்னாங்க."

"பின்னே ராம் மாத்தச் சொன்னது?"

"சார் வந்து கேக்கும்போ ஏதெங்கிலும் சொல்லண்டே?"

வீட்டில் அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கோர்ட்டுக்கு இழுத்த மனுஷன் தோள்ல என் பொண்ணு உக்காந்திருக்கறதை நான் எதுக்குப் பாக்கணும்?"

"கேசட் எங்கே?"

"அதுமேலயே அனு சீமந்தத்தை எடுத்தாச்சு."

"அப்போ வயரைப் பாரு, வயரைப் பாருன்னியே?"

"வயரைப் பாக்கறது நல்லதுதானே?"

அண்ணா மேல் அவளுக்குக் கோபம், சரி, அது அவர்கள் பாடு. ஆனால் அத்தனை நாளும் என் முதுகுக்குப் பின்னால் நின்று, காப்பி கொடுத்துக்கொண்டே நான் தோற்பதை வேடிக்கை பார்த்தாளே, அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

மாமாவிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வந்த பஸ்ஸை அவர் விட்டுவிட்டார்.

"எடுக்கச் சொன்னது அவளா?"

தலையாட்டினேன்.

"அசடு! தூக்கறச்சே எனக்கு இடுப்புப் பிடிச்சுக்கும்னு, பின்னாலேர்ந்து ரெண்டு கையாலயும் முட்டுக் கொடுத்துண்டு நின்னாளேடா. என்னை வெட்டினா அவளும்னா சேந்து போயிருப்பா?"

வீட்டுக்கு வந்து சிடியைப் பார்த்தேன். பெண் மாலை மாற்றும் இடத்தில் பெண்ணைப் பெற்றவளைக் காணோம். அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை.

சசியின் ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். வீட்டை விற்றுத்தான் பாகம் பிரிந்தது. அங்கே ஃபிளாட் எழும்பிவிட்டது. மாமா இறந்தபோது அம்மா போய்ப் பார்க்கவில்லை. பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். வெட்டிப்போன அந்த இடத்தைத் தவிர, மாமாவும் அம்மாவும் ஒன்றாக நிற்கும் படம் எங்களிடம் வேறு எதுவும் இல்லை.