குகை வாசலில் ஒரு பை

கனடாவுக்குப் போவதற்கு முன்பு அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். எம்பிலிப்பிட்டிய பக்கம் நிலத்துக்கு அடியில் ஒரு குகை இருக்கிறதாம், அதற்குள் ஆறு ஓடுகிறதாம், அதைப் பார்க்க வேண்டுமாம். கொட்டாஞ்சேனையில் அவரோடு வங்கியில் வேலை செய்த ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்ட ஆசை அது. முதலில் நாட்டின் யுத்தம் விடவில்லை. பிறகு என் பாடசாலைச் சோதனைகள், என் கல்யாணம், என் பிள்ளைப்பேறு என்று ஒவ்வொன்றுக்கும் குகை வழிவிட்டுக்கொண்டே வந்தது. இப்போது அங்கே இருக்கும் என் தம்பி ஒழுங்கு செய்த விசா வந்துவிட்டது. போனால் அப்பா இனி அங்கேயேதான்.

நான் வராவிட்டால் தனியாகப் போவதாகச் சொன்னார். அவருடைய முழங்கால்களை நினைத்து உடனே சம்மதித்தேன். அதற்குப் பிறகுதான் மகளை நினைத்தேன். அவளுக்கு இரண்டு வயது. ஓர் இரவுகூட அவளைப் பிரிந்ததில்லை. வெள்ளவத்தை வீட்டில் கணவரிடம் விட்டுவிட்டு, சோறு எவ்வளவு குழைய வேண்டும், இருமினால் எந்தப் பக்கம் சரித்துப் படுக்க வைக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். அவர் அவளுடைய அப்பா என்பதை அவ்வப்போது நினைவூட்ட வேண்டியிருந்தது, எனக்குத்தான்.

வெள்ளிக்கிழமை இரத்தினபுரியில் தங்கிவிட்டு விடியப் புறப்பட்டோம். குகைக்குக் கீழே, வாடகைக்குப் பிடித்த வான் நின்றதும் போனில் ராகுகாலம் பார்த்தேன். தொடங்கப் போகிறது. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். கிரகணத்தன்று தாராளமாகச் சாப்பிடலாம் என்று வகுப்பில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பட்டினி கிடந்தவள். பிள்ளையை முதன்முதலாக விட்டுவிட்டு வந்து, கெட்ட நேரத்தில் பூமிக்குள் இறங்குவதா?

அப்பா டிக்கெட் எடுக்கப் போன இடைவெளியில், எங்கள் சனங்கள் செய்யும் தந்திரம் ஒன்றைச் செய்தேன். நல்ல நேரம் முடிவதற்குள் ஒரு பையை வீட்டுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எப்போது போனாலும் தோஷமில்லை. நான் ஓடிப்போய் என் தோள்பையைக் குகை வாய்க்குள், ஒரு பாறைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். அந்தத் தந்திரத்தையும் முழுதாக நம்பாததால், அப்பாவிடம் வயிறு சரியில்லை என்று சொல்லி, ராகுகாலம் முடியும்வரை காத்திருக்கவும் முடிவு செய்தேன்.

வாசலுக்கு எதிரே கிடந்த மர வாங்கில் இருந்தபடி கணவருக்குப் போன் எடுத்தேன். மகள் கார்ட்டூன் பார்க்கிறாள், என்னைக் கேட்கவேயில்லை என்றார். அதிர்ச்சியில் இருக்கிறாளோ என்று கேட்டேன். அப்பா காற்சட்டையை முழங்கால்வரை மடித்து விட்டுக்கொண்டு, எல்லோரும் குகைக்குள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அப்போது வழிகாட்டி வாசலுக்கு வந்து, “மே பேக் எக்க காகேத?” என்றான். பை யாருடையது என்று கேட்கிறான். வாசலில் நின்றவர்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள். ஆளில்லாத பை என்றால், குண்டுகள் வெடித்த இந்த நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நானோ கொழும்புத் தமிழ்ப் பிள்ளை. பஸ்ஸில் பள்ளிக்கூடப் பையை மடியிலிருந்து இறக்காமல் வளர்ந்தவள். இன்றைக்கும் அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கக்கூடப் போகாதவள். அப்படிப்பட்டவள் குகைக்குள் பையை ஒளித்து வைத்துவிட்டு வாங்கில் இருக்கிறேன்.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். “உன்ரை பையெல்லே அது?”

“ஓம் அப்பா.”

“அங்க என்ன செய்யுது?”

“ராகுகாலம்” என்றேன்.

அவர் எழுந்துபோய்ச் சிங்களத்தில் விளக்கினார். வழிகாட்டி பையைத் திறந்து காட்டச் சொன்னான். திறந்தேன். பம்பர்ஸ், பால்மா டப்பா, ஒரு ரோஸ் நிறத் தொப்பி. பழக்கத்தில் மகளுடையதையெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். “பபா கோ?” இப்போது பையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தேடுகிறார்கள். பிள்ளை வீட்டில் இருக்கிறது என்று அப்பா சொன்னார். வழிகாட்டி சிரித்தான். தன் அம்மாவும் ராகுகாலத்தில் வாசலைத் தாண்ட மாட்டாள் என்றான். பிறகு மலையைக் காட்டினான். அங்கே மழை, உள்ளே தண்ணீர் ஏறும், இப்போது போனால் சரி, இல்லாவிட்டால் இன்றைக்கு இல்லை.

அப்பா என்னைக் கேட்கவில்லை. குனிந்து காற்சட்டை மடிப்பை இறக்கிவிடத் தொடங்கினார். “பரவாயில்லை பிள்ளை. வாசலைப் பார்த்தாச்சுத்தானே.”

அதைத்தான் தாங்க முடியவில்லை. “திருப்பி மடியுங்கோ அப்பா. போவம்.”

நட்ட நடு ராகுகாலத்தில் இறங்கினோம். வௌவால் நாற்றம் முகத்தில் அடித்தது. தண்ணீர் முழங்கால்வரை குளிர்ந்தது. அப்பாவைத் தாங்குவதற்கென்று அவர் முழங்கையைப் பிடித்தேன். இரண்டு தரம் வழுக்கியது நான்தான், இரண்டு தரமும் தாங்கியது அந்த முழங்கை. போனில் சிக்னல் போய்விட்டது. பாறைக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தேடினேன், ஒரு வௌவால் விழித்துக்கொண்டது. வழிகாட்டி என் கையைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டு, டோர்ச்சையும் அணைத்தான்.

அப்படி ஓர் இருட்டை நான் கண்டதில்லை. தண்ணீர் எங்கோ அடியில் பேசிக்கொண்டு போனது. மகளைப் பற்றி நினைக்கவில்லை என்பது அங்கேதான் உறைத்தது. விமான நிலையத்தை நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இதைப் பார்த்துவிட்டால் அப்பா கேட்டது முடிந்துவிடும், பிறகு அவர் போவதுதான் மிச்சம். காலையிலிருந்து நேரம் கடத்த நான் போட்ட சாட்டுகளுக்கெல்லாம் காரணம் இதுதானோ? இல்லை, இதையும் அளவுக்கு மீறி யோசிக்கிறேனோ?

வழிகாட்டி திரும்பலாம் என்றான்.

“போவமா அப்பா?”

“கொஞ்சம் பொறு.”

தண்ணீரின் சத்தம் மாறுகிறது என்று அவன் மறுபடி கூப்பிட்டான். வேறு நாளாக இருந்தால் அந்தச் சொல்லே போதும், நான் வாசலில் நின்றிருப்பேன். அப்பாவின் முழங்கை அசையவில்லை. நானும் இழுக்கவில்லை.