பட்டம் விழுங்கிய பதினாலாம் தேதி

அரங்கத்தில் முன்பதிவு பார்ப்பவளை எல்லோரும் அரைப்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடத்துக்கு முன் முன்பதிவுக்காக 'சி' என்ற கணினி மொழியில் அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதால் மூன்று நாள் அது ஓட மறுத்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்னும் உரிந்தபாடில்லை.

முன்பதிவெல்லாம் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில், தேதிக்கு ஒரு வரி. பெயரை மாற்றச் சொன்னால் புரோகிராம் அந்த வரியைத் தேடிப் போய் அதன் மேலேயே எழுதிவிட்டு வரும். புதுப் பெயர் குட்டையாக இருந்தால் இடைவெளி போட்டு நிரப்புவாள். நீளமாக இருந்தால் ஆளையே மிரட்டிச் சுருக்குவாள். "இன்ஷியலை விடுங்க சார், யார் தேடப் போறா?" வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

மேலாளர் மூடவில்லை. புதிதாக டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர். பதின்மூன்றாம் தேதி அவருக்குப் பாராட்டு விழா. "பட்டத்தை முழுசா போடும்மா. ஒரு எழுத்து குறையக் கூடாது." எரிச்சலில் அப்படியே அடித்து என்டரைத் தட்டினாள். பட்டம் தன் வரியில் அடங்காமல் அடுத்த வரிக்குள் காலை நீட்டிவிட்டது. பதினாலாம் தேதி இருந்த இடத்தில் 'கச்சேரி'யின் கடைசி 'ரி' மட்டும் மிஞ்சியது.

பதினாலாம் தேதி அவள் மாமியாரின் முதல் கச்சேரி. அந்த அம்மாள் பாடத் தொடங்கினால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். மருமகளுக்கு அந்த வசதியும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு நாடகக் குழுக்காரர் போன் செய்தார். "பதினாலாம் தேதி காலியா இருக்குங்களா?"

ஓர் 'ஆமாம்' போதும். பழி பட்டத்துக்கு, நிம்மதி இவளுக்கு. கரும்பு தின்னக் கூலியா? ஆனால் அறுபத்திரண்டு வயதில் கண்ணாடி முன் நின்று தினமும் பாடிப் பழகும் மாமியாரின் முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது. பாவமாக இருந்தது.

"இல்லைங்க. ஆள் இருக்கு."

அழிந்துபோன வரியைக் கையாலேயே அடித்துச் சேர்த்தாள். பிறகு புரோகிராமையும் திருத்தினாள்: பழைய ஃபைலை வரிவரியாகப் படி, புது ஃபைலில் எழுது, மாற வேண்டிய வரியை மட்டும் மாற்றி எழுது, கடைசியில் பழையதை அழித்து அதன் பெயரைப் புதியதற்கு வை. இனி எவர் பட்டமும் எவர் வரியையும் மிதிக்காது.

சாயங்காலம் பெருமை தாங்கவில்லை. "அத்தை, இன்னைக்கு உங்க தேதியே அழிஞ்சு போச்சு!"

மாமியார் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"நான்தான் திரும்ப எழுதி வச்சேன்."

மலர்ந்தது அப்படியே வாடியது. "மேடை ஏறணுமேன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லை. தானா அழிஞ்சதைப் போய் ஏம்மா எழுதினே?"