எதுக்கும் அக்கா

பட்டறையில் எல்லோரும் அவளை ‘எதுக்கும் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டுத் தையல் மெஷின்கள் ஓடும் பள்ளிப் பை பட்டறை அது. முதலாளி அவளுடைய உடன்பிறந்த தம்பி. துணி, நூல், பட்டை, ஜிப் எல்லாம் வாங்கி வைப்பது அவள் பொறுப்பு. பத்து கேட்டால் பன்னிரண்டு வாங்குவாள். ஏன் என்றால், “எதுக்கும் இருக்கட்டும்” என்பாள். வானம் வெளுத்திருந்தாலும் கையில் குடை இருக்கும். ஒரே ஒரு பூட்டு உள்ள வீட்டுக்கு ஐந்து சாவி போட்டு வைத்திருந்தாள்.

“என்னையும் எதுக்கும் இருக்கட்டும்னுதான் கட்டிக்கிட்டியா?” என்று புருஷன் ஒருமுறை கேட்டேவிட்டார். அவள் பதில் சொல்லக் கொஞ்சம் யோசித்தாள். அதில்தான் மனிதர் நொந்துபோனார்.

சாமான் அறையின் கடைசி அலமாரியில் நிறம் மாறி வந்த ஜிப், மீந்த கொக்கி, பாதி தீர்ந்த நூல் உருண்டை என்று சகலமும் சேர்த்து வைத்திருந்தாள். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நம்புகிற ஜாதி. அலமாரி மேல் ‘எதுக்கும்’ என்று எழுதி ஒரு சீட்டும் ஒட்டியிருந்தாள்.

தம்பி கம்ப்யூட்டர் வாங்கியதில் வந்தது வினை. அக்கா எழுதிக் கொடுத்த பட்டியலை அப்படியே ஏற்றிவிட்டார்கள்: துணி, நூல், பட்டை, எதுக்கும். ஒரு வருஷம் போனதும், ‘எதுக்கும்’ என்ற சரக்கு ஒரு தடவைகூடப் பயன்படவில்லை என்று கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டியது. அவள் பல் பிடுங்க லீவு போட்ட நாளாகப் பார்த்து, தம்பி அதை அலமாரியோடு பழைய சாமான்காரருக்குத் தூக்கிக் கொடுத்தான். போதாததற்கு, பக்கத்துத் தெரு ஜிப்காரரிடம் வாங்குவதையும் நிறுத்திவிட்டு, கடல் கடந்த ஒரு கம்பெனியில் மலிவாக ஏற்பாடு செய்துகொண்டான்.

“அரசனை நம்பிப் புருஷனைக் கைவிடாதேடா” என்றாள் அக்கா, வீங்கிய கன்னத்தோடு.

“இப்பல்லாம் தேவைப்படற அன்னைக்குச் சரக்கு வாசல்ல வந்து நிக்கும்க்கா. சேத்து வைக்கிறதெல்லாம் அந்தக் காலம்.”

மூன்று நாள் அவனோடு பேச்சுவார்த்தை இல்லை. அதில் இரண்டு நாள் பல் வலி என்பது வேறு விஷயம்.

இரண்டு வருஷம் சரக்கு வாசலில் வந்து நிற்கத்தான் செய்தது. பிறகு எங்கேயோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டன. பட்டறையில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்கள் வாயில்கூட நுழையாது. ஆனால் கப்பல் நின்றது, ஜிப்பும் அதோடு நின்றது. நாலாயிரம் பைக்கு வெட்டிய துணி மேஜைமேல் குவிந்து கிடந்தது. பள்ளி திறக்க மூன்றே வாரம். எல்லோரையும் ஒன்றரை மாதம் வீட்டுக்கு அனுப்புவது என்று தம்பி முடிவு செய்தான். போகிறவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள், பட்டறை மூடினால் மூடியதுதான் என்று அவனுக்கும் தெரியும்.

காலையில் பதினெட்டுப் பேரையும் கூடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, சாமான் அறைக்கு வந்தான்.

“அக்கா, அந்த அலமாரியில ஜிப் இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு.”

மேற்கொண்டு சொல்ல அவளிடம் இரண்டு வருஷத்துச் சரக்கு இருந்தது. ஆனால் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறவனிடம் என்னத்தைச் சண்டை போடுவது? பாவமாக இருந்தது.

“அதுல இருந்தது நூறு பைக்குக்கூடத் தேறாது. விடு. உக்காரு” என்று போனை எடுத்து, அவனுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

“யாருக்கு, ஜிப்காரருக்கா? நாம நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?”

“நீ நிறுத்தின. நான் நிறுத்தல.”

மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் அவள் ஜிப்காரருக்குப் போன் செய்துகொண்டுதான் இருந்தாள். ஒரு ஜிப்கூட வாங்கவில்லை. அவர் மனைவியின் முழங்கால், மகளின் பரீட்சை, அறுந்த மெஷின் பெல்ட் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

“என்னம்மா, இன்னைக்குத் திங்கக்கிழமை இல்லையே?” என்றார் ஜிப்காரர்.

“அண்ணே, உண்மையச் சொல்லிடறேன். மொதல்ல நான் போன் பண்ண ஆரம்பிச்சதே, என்னைக்காவது உங்ககிட்ட வந்து நிக்க வேண்டி வரும்னுதான். இப்ப வந்து நிக்கறேன். நாலாயிரம் வேணும். இல்லேன்னா பதினெட்டுப் பேருக்கு வேலை போயிடும்.”

அவர் சிரித்தார். “அந்தக் கள்ளத்தனம் எனக்கு மொத மாசமே தெரியும்மா. உங்களோட சேத்து ஏழு பேர் என்கிட்ட வாங்கறத நிறுத்தினீங்க. மத்த ஆறு பேரும் இந்த வாரம் கூப்பிட்டுட்டாங்க, ஜிப் இருக்கான்னு. நீ இத்தனை நாளா நான் இருக்கேனான்னுல்ல கேட்டுக்கிட்டிருந்த!”

அவர் சரக்கு நோட்டைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது.

“அவங்க யாருக்கும் இன்னும் தரேன்னு சொல்லல. கறுப்பு மூவாயிரம் இருக்கு. மீதி நீலம்தான். பரவாயில்லையா?”

“பரவாயில்லண்ணே, பிள்ளைங்களுக்கு நீலம் பிடிக்கும்” என்று முந்திக்கொண்டு சொன்னவன் தம்பி. குரல் உடைந்திருந்தது. அக்கா வெட்கமில்லாமல் அழுதாள்.

அவன் எழுந்து கூடத்துக்குப் போனான். மத்தியானம் ஜிப் வந்துவிடும், யாரும் எங்கேயும் போக வேண்டாம், போய் உட்கார்ந்து தையுங்கள் என்று பதினெட்டுப் பேரிடமும் சொன்னான்.